விலை குறைந்த ஒயினை ருசித்து மதிப்பிடுவது எப்படி: சிவப்புக்கும் வெள்ளைக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரே ஒரு ஒயினை ஊற்றி வைத்துக்கொண்டு ‘இது நல்லதா?’ என்று கேட்டால் நாக்குக்குப் பதில் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இன்னொரு கிளாஸை வைத்து ‘இரண்டில் எது மேல், ஏன்?’ என்று கேளுங்கள். முதல் நாளே ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். பல வருடங்கள் ஒற்றை ஒற்றையாகக் குடித்தபோது எனக்குப் பிடிபடாத விஷயங்கள், நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்த ஒரு மாலையில் பிடிபட்டன.

விலை குறைந்த ஒயினிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பத்து வருடம் முதிர்ந்த ஒயினின் ஆழத்தை அதனிடம் தேடுவது நியாயமில்லை. ஆனால் அது சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு சுவை மற்றொன்றை அமுக்கக் கூடாது. எந்தத் திராட்சையில் செய்தார்களோ அதன் குணம் கொஞ்சமாவது தெரிய வேண்டும். இந்த மூன்றையும் எந்த விலையிலும் கேட்கலாம். நம்பி வாங்கக்கூடிய எளிய ஒயின்கள் உலகில் நிறையவே இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒயினுக்கு முன் தண்ணீர்

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அறுசுவையில் துவர்ப்பு என்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறோம். புளிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றையும் குழப்பாமல் பிரித்துச் சொல்ல முடிந்தால் சிவப்பு ஒயினைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. பல மொழிக்காரர்கள் துவர்ப்பையும் கசப்பையும் ஒரே பெயரில் சொல்லிக் குழம்புகிறார்கள்.

இதற்கு ஒரு சின்னப் பயிற்சி. மூன்று கிளாஸ் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு, இன்னொன்றில் சர்க்கரை. மூன்றாவது கிளாஸில் பால் சேர்க்காத தேநீர். தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆற வைத்தது. எலுமிச்சைத் தண்ணீரை விழுங்கியதும் கன்னத்தின் உட்புறத்தில் எச்சில் ஊறும். தேநீரை விழுங்கினால் நேர்மாறாக ஈறும் நாக்கும் வறண்டு ஒட்டிக்கொள்ளும். முதலாவது அமிலம், இரண்டாவது டானின். டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்துகொள்வதால்தான் வாயின் வழவழப்பு போய்விடுகிறது.

அடுத்து, எலுமிச்சைத் தண்ணீரில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் அமிலத்தின் அளவு மாறவில்லை, ஆனால் புளிப்பு குறைந்ததுபோல் இருக்கும். ஒயினில் ‘சமநிலை’ என்று சொல்வது இதைத்தான். மலிவான ஒயின்கள் பலவற்றில் செய்யப்படும் ஒப்பனையும் இதுதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: எந்தப் பாட்டில்களை வாங்குவது

முதல் தடவைக்கு இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு போதும். நான்கும் ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கட்டும். வெள்ளையில் ஒன்று கூர்மையான சாவின்யோன் ப்ளாங், மற்றொன்று சற்றுக் கனமான ஷார்டனே. சிவப்பில் ஒன்று மென்மையான மெர்லோ அல்லது கர்னாச்சா, மற்றொன்று துவர்ப்பு மிகுந்த கேபர்னே சாவின்யோன். இவையெல்லாம் திராட்சை வகைகளின் பெயர்கள், ஒயினுக்கும் அதே பெயர்தான். நாக்கு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள இந்த நான்கும் நன்றாக உதவும். பழகிய பிறகு ஒரே திராட்சை, இரண்டு நாடுகள் என்று போகலாம்.

புகழ்பெற்ற ஊர்ப் பெயர் லேபிளில் இருந்தால் அந்தப் பெயருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். அதே பணத்துக்கு, அவ்வளவாகப் பேசப்படாத பகுதிகளில் கூடுதல் தரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஸ்பெயினின் கலத்தாயூத், கம்போ தே போர்ஹா பகுதிகளின் கர்னாச்சா, இத்தாலியின் மோந்தேபுல்சியானோ தாப்ருத்சோ, தென்னாப்பிரிக்காவின் செனின் ப்ளாங், பிரான்சின் லாங்டாக், மஸ்காடே, போர்த்துகலின் அலென்தேஜோ ஆகியவற்றை நான் மறுபடி மறுபடி தேடிப் போகிறேன். சிலியின் கார்மெனேரும் அந்தப் பட்டியலில் உண்டு. வெகுகாலம் மெர்லோ என்ற பெயரிலேயே விற்கப்பட்ட திராட்சை அது. 1994இல்தான் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் சிலியின் தோட்டங்களில் அதை அடையாளம் கண்டார்.

லேபிளில் பார்க்க வேண்டியவை சிலதான். வெள்ளையில் ஆண்டு முக்கியம். இந்த விலையில் பெரும்பாலான வெள்ளை ஒயின்கள் ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடிக்கச் செய்யப்பட்டவை, எடுத்து வைத்தால் மேம்படாது. தெற்கு அரைக்கோளத்தில் அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். அதனால் அதே ஆண்டு போட்ட ஐரோப்பிய ஒயினைவிட அது அரை வருடம் மூத்தது. ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்டப்படி எந்த அர்த்தமும் இல்லை. ஸ்பெயினில் உண்டு: அங்கே சிவப்பு ‘ரிசர்வா’ என்றால் குறைந்தது 36 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் 12 மாதம் ஓக் மரப் பீப்பாயில். கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி இரண்டுக்கும் உள்ளே இருக்கும் ஒயினோடு சம்பந்தமில்லை. திருகு மூடியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைச் செய்யும் பலர் 2000இல் சேர்ந்து அதற்கு மாறினார்கள். கார்க்கினால் ஒயின் கெடுவதைப் பார்த்துச் சலித்துப்போய் எடுத்த முடிவு அது.

படி 3: வெப்பநிலை, கிளாஸ், மறைப்பு

வெப்பநிலை தப்பினால் தீர்ப்பும் தப்பும். அதிகக் குளிர்ச்சி வாசனையை அடக்கிவிடும், துவர்ப்பைக் கடுமையாக்கும். அதிகச் சூடு ஆல்கஹாலை முன்னே தள்ளும். கனமில்லாத வெள்ளையைக் குடிக்க 7 முதல் 10 டிகிரி நன்றாக இருக்கும். ஆனால் மதிப்பிடும்போது 10 முதல் 12 டிகிரி வரை வரவிடுங்கள். பனிக்குளிர்ச்சியில் சாதாரண ஒயினும் நல்ல ஒயினும் ஒரே மாதிரி தெரியும். சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி. அறை சூடாக இருந்தால் சிவப்பு ஒயினை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கத் தயங்க வேண்டாம்.

கிளாஸ் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. வாய் குறுகி வயிறு அகன்று, காம்போடு இருந்தால் போதும். எல்லா ஒயினுக்கும் ஒரே வகைக் கிளாஸ்தான், அதுதான் முக்கியம். ருசிப்பதற்கென்று 1977இல் வந்த சர்வதேசத் தர அளவுக் கிளாஸ் ஏறக்குறைய 215 மில்லி கொள்ளும். அதில் 50 மில்லிதான் ஊற்றுவார்கள், மீதி இடம் வாசனைக்கு.

அப்புறம், பாட்டிலை மறையுங்கள். காகிதப் பையில் போட்டு, கழுத்தைக் கட்டி, வேறொருவரை எண் எழுதச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்றே சொல்வேன். 2001இல் வெளியான போர்தோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதை வர்ணித்தார்கள். படித்தவர்களையே அவர்கள் கண் இப்படி இழுத்துக்கொண்டு போகும்போது லேபிளும் விலையும் நம்மைச் சும்மா விடுமா? 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்திய மறைமுக ருசிப்பில் பிரெஞ்சு நடுவர்கள் கலிஃபோர்னியாவின் ஒயின்களை முதலிடத்தில் வைத்ததும், பாட்டில் மறைந்திருந்ததால்தான்.

வரிசை: வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. லேசானது முதலில், கனமானது பிறகு. துப்புவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டும். ஆறு ஒயின்களை 50 மில்லி வீதம் விழுங்கினால் 300 மில்லி, அதாவது பாட்டிலில் 40 சதவீதம் உள்ளே போய்விடும். ஐந்தாவது ஒயினுக்கு வரும்போது உங்கள் தீர்ப்புக்கு மதிப்பிருக்காது. வாயில் இருக்கும்போதே வாசனை தொண்டை வழியாக மூக்குக்குப் போய்விடுவதால் துப்புவதில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். ருசிக்கும் இடத்தில் வாசனைத் திரவியம், ஊதுவத்தி எதுவும் வேண்டாம்.

படி 4: பார்ப்பது

இதற்கு அரை நிமிடம் போதும். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். இளம் வெள்ளை ஒயின் வெளிர் எலுமிச்சை நிறத்திலிருந்து பொன்னிறம் வரை இருக்கலாம். பழுப்பு எட்டிப் பார்த்தால் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கலாம். இளம் சிவப்பு ஒயினின் விளிம்பு ஊதா, வயதாக ஆகச் செங்கல் நிறம். அடியில் கண்ணாடித் துகள்போல் மின்னுபவை டார்ட்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்கள், தீங்கில்லை. கிளாஸின் உட்புறத்தில் கோடு கோடாக வழிவதைத் தரத்தின் அடையாளமாகச் சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் ஆல்கஹாலின் அளவைத்தான் காட்டுகிறது.

படி 5: முகர்வது

சுழற்றுவதற்கு முன் ஒரு தடவை, சுழற்றிய பிறகு ஒரு தடவை முகருங்கள். முதல் முகர்தலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சுத்தமாக இருக்கிறதா? பழத்தின் பெயரைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரமான பழைய நிலவறை மாதிரி வந்தால் கார்க் கெடுத்த ஒயின். டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் சேர்மம் காரணம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், ஆனால் சீக்கிரமே பழகியும் போய்விடும். அதனால் முதல் முகர்தலை நம்புங்கள். இதில் தொந்தரவான வகை, லேசாகக் கெட்டது. கெட்ட வாசனை எதுவும் இருக்காது, பழ வாசனை மட்டும் அணைந்துபோயிருக்கும். அதே ஒயினின் இன்னொரு பாட்டிலைத் திறந்து வைத்தால்தான் தெரியும். எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய ஓர் ஒயினை மாதங்கள் கழித்து வேறொரு பாட்டிலில் குடித்து வியந்திருக்கிறேன். முதல் தீர்ப்பு ஒயினைப் பற்றியதே அல்ல, கார்க்கைப் பற்றியது.

வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் மாதிரி இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. நகப்பூச்சு அல்லது வினிகர் என்றால் ஆவியாகும் அமிலங்கள் மிஞ்சிவிட்டன. குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி என்றால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. இது மிக லேசாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு ஓரளவு வரைதான். அழுகிய முட்டை வாசனை வந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். காற்று போதாமல் உண்டானது அது. ஒரு ஜாடியில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் பல சமயம் போய்விடும். திருகு மூடிப் பாட்டில்களில் இதைக் கொஞ்சம் அதிகம் பார்க்கலாம்.

சுத்தம் என்று தெரிந்ததும், எவ்வளவு பலமாக இருக்கிறது, எந்தக் குடும்பம் என்று பாருங்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் 1984இல் உருவாக்கிய வாசனைச் சக்கரத்தின் நல்ல குணம், அது பொதுவிலிருந்து குறிப்புக்கு வருவது. பழமா, பூவா, செடியா, மசாலாவா, மரமா என்று முதலில். பழம் என்றால் எலுமிச்சை வகையா, ஆப்பிள் வகையா, செர்ரி வகையா என்று அடுத்தது. அங்கேயே நின்றுவிட்டாலும் தவறில்லை. பதினைந்து பழங்களின் பெயரை அடுக்குவதால் தீர்ப்பு கூர்மையாகிவிடாது.

சில வாசனைகளின் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது. சாவின்யோன் ப்ளாங்கிலும் கேபர்னேயிலும் வரும் பச்சைக் குடமிளகாய் வாசனை பைரசின் என்ற சேர்மங்களால் வருவது. திராட்சை பழுக்காவிட்டால் அது தூக்கலாக இருக்கும். ஷார்டனேயில் வெண்ணெய் வாசனை, மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகிறது. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் கருமிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம்தான் மிளகிலேயும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதைக் கண்டறிந்தபோது, சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. ஆகவே நண்பர் ‘மிளகு’ என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் வராவிட்டால் இருவருமே சரியாக இருக்கலாம்.

படி 6: வாயில்

பத்து, பதினைந்து மில்லி எடுத்து வாய் முழுக்கப் பரவவிடுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்.

இனிப்பு முதலில். இங்கே மூக்கு ஏமாற்றும். பழுத்த பழ வாசனை வந்தாலே இனிக்கிறது என்று நினைத்துவிடுவோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். அப்போதும் இனித்தால் உண்மையிலேயே சர்க்கரை மிச்சம் இருக்கிறது.

புளிப்பைத் துப்பிய பிறகு அளப்பது நல்லது. தலையைச் சற்றுக் குனிந்து, எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று கவனியுங்கள். வெள்ளை ஒயினுக்குப் புளிப்புதான் முதுகெலும்பு. அது இல்லாவிட்டால் ஒயின் தளர்ந்து, குடித்ததும் மறந்துபோகிற மாதிரி இருக்கும். அது மட்டுமே இருந்தால் பற்கள் கூசும்.

துவர்ப்பு சிவப்புக்கு. எவ்வளவு என்பதைவிட எப்படிப்பட்டது என்று கேளுங்கள். மெல்லிய துணிபோல் வாயெங்கும் படர்கிறதா, மணலைப்போல் உரசுகிறதா, காயைக் கடித்ததுபோல் ஈறில் மட்டும் பிடித்து இழுக்கிறதா? கடைசி வகை, விதையும் தோலும் பழுக்காத திராட்சையில் அவசரமாகச் செய்ததைக் காட்டும். விலை குறைந்த கேபர்னேயில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான். அதனால்தான் இந்த விலையில் கர்னாச்சா, மோந்தேபுல்சியானோ போன்ற மென்மையானவற்றை முதலில் சொல்கிறேன். துவர்ப்போடு நாக்கின் பின்பகுதியில் கசப்பும் தங்கினால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்ப்பு, அதாவது ஆல்கஹாலின் சூடு, தொண்டையில் தெரியும். 14 சதவீதம் உள்ள ஒயினும் நன்றாகச் செய்திருந்தால் எரியாது. சில வெள்ளைகளில் மெல்லிய உவர்ப்பு கூட வரும். மஸ்காடே குடிக்கும்போது கடல்காற்று ஞாபகம் வரும் எனக்கு, அந்த ஒயினின் அழகே அதுதான்.

இப்போது ஒப்பனைக்கு வருவோம். மலிவான சிவப்பின் கரடுமுரடை மறைக்கக் கொஞ்சம் சர்க்கரையை விட்டுவைப்பது பரவலான வழக்கம். முதல் வாய் வழவழப்பாக இருக்கும். மூன்றாவது வாயில் திகட்டும். அதனால் முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்னொன்று ஓக். 225 லிட்டர் கொண்ட ஒரு புதுப் பீப்பாயிலிருந்து 300 பாட்டில்தான் வரும், விலை குறைந்த ஒயினுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. எனவே மரச் சில்லுகளையோ பலகைகளையோ ஊறப்போடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமே 2006இல் சில்லுகளை அனுமதித்தது. இதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. வனிலாவும் புகையும் பழத்தோடு கலந்திருந்தால் சரி. தனியே மேலே தெளித்ததுபோல் மிதந்தால், அதற்குக் கீழே பழம் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

படி 7: நீளத்தை எண்ணி, தீர்ப்பு எழுதுவது

துப்பியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள். சுவை எத்தனை நொடி நிற்கிறது? பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ‘கோதாலி’ என்று ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். ஒரு நொடி, ஒரு கோதாலி. மூன்று நொடியில் காணாமல் போனால் சாதாரணம். எளிய ஒயின் ஒன்று எட்டு, பத்து நொடி நின்றால் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வேன். ஆனால் நிற்பது பழச்சுவையாக இருக்க வேண்டும். எரிச்சலும் கசப்பும் எவ்வளவு நேரம் நின்றாலும் கணக்கில் வராது.

மதிப்பெண்ணுக்கு நான் இருபதை வைத்துக்கொள்கிறேன். டேவிஸில் மேனார்ட் அமெரினும் சகாக்களும் 1959இல் அமைத்த அளவுகோல் இருபதுக்குத்தான். அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய நூறு புள்ளி முறை 50இல் தொடங்குவதால் எளிய ஒயின்கள் எல்லாம் ஒரு சின்ன இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். என் கணக்கு இப்படி: தோற்றம் 2, வாசனையின் சுத்தமும் குணமும் 6, வாயில் சமநிலை 8, நீளம் 4. சமநிலைக்கு அதிகம் கொடுத்ததற்குக் காரணம், விலை குறைந்த ஒயினில் உழைப்பும் கவனமும் அங்கேதான் தெரியும். எண்ணை எழுதும் முன் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ‘புளிப்பு நல்லது, வனிலா தனியாக மிதக்கிறது, ஐந்து நொடி’ என்ற வரி, ஆறு மாதம் கழித்து ‘13’ என்ற எண்ணைவிட அதிகம் சொல்லும்.

ஒரே தடவையில் முடிவு கட்டிவிடாதீர்கள். கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சியின் நடுவர்களிடம், அவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று தடவை ஊற்றிக் கொடுத்துச் சோதித்த ராபர்ட் ஹாட்ஜ்சன், 2008இல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒருவர்தான் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பைக் கொடுத்திருந்தார். வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்: மறைத்த வரிசையில் ஒரே ஒயினை இரண்டு எண்களில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு மதிப்பெண்களுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எனக்கு இரண்டு புள்ளி வரை வித்தியாசம் வரும். அதனால் இருபதுக்கு ஒரு புள்ளி வித்தியாசமுள்ள இரண்டு ஒயின்களை நான் சமமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

படி 8: மறுநாள்

பைகளைக் கழற்றிப் பெயர்களைப் பார்த்த பிறகு மீதியைக் கொட்ட வேண்டாம். மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள், சிவப்பையும்தான். மறுநாள் அதே நேரத்தில், சிவப்பை அரை மணி முன்னதாக வெளியே எடுத்துவைத்து, மறுபடி ருசியுங்கள். சர்க்கரையாலும் ஓக் வாசனையாலும் நின்ற ஒயின்கள் பெரும்பாலும் ஒரே இரவில் தளர்ந்துவிடும். முதல் நாள் இறுக்கமாக, பேசாமல் இருந்த சில சிவப்புகள் மறுநாள் துவர்ப்பு தணிந்து திறந்துகொள்ளும். முதல் நாள் குறிப்புக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். இரண்டு நாளும் பிடித்த ஒயின் கிடைத்தால், அதே ஆண்டில் இன்னும் மூன்று, நான்கு பாட்டில்கள் வாங்கி வையுங்கள். அடுத்த மறைமுக வரிசையில் ஒவ்வொரு முறையும் அதில் ஒன்றை நடுவில் வைத்தால், மற்றவற்றை அளக்க உங்களிடம் ஒரு படிக்கல் இருக்கும்.